ரெண்டு கையையும் காட்டுங்கப்பா

வீட்டில் அவளைப் பெயர் சொல்லி வாயால் கூப்பிட்டது அம்மா மட்டும்தான். அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பிறந்த குழந்தைக்கு முகத்தைவிடக் காதுகள் முந்திக்கொண்டு நின்றதைப் பார்த்த மனிதர், இரண்டு கைகளையும் தன் இரண்டு காதோரமும் வைத்து விசிறிக் காட்டினார். அதுதான் பெயர். காதாட்டி. காது கேட்காதவருக்கு மகளிடம் காதுதான் கண்ணில் பட்டதா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பெயரை அவர் கூப்பிடுகிற அழகு அவர்களில் ஒருவருக்கும் வராது.

காதாட்டி இப்போது கடல் கடந்து, ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் சூடான உருளைகளுக்குள் விடவேண்டும். நாள் முழுக்க நீராவி, ஈரம், மேற்பார்வை பார்க்கும் அம்மாளின் முறைப்பு. மதிய இடைவேளையில் துண்டுகள் அடுக்கும் அறைக்கு ஓடிவிடுவாள். துண்டு அடுக்கில் ஃபோனைச் சாய்த்துவிட்டால் இரண்டு கையும் காலி. கூட வேலை செய்யும் பெண்கள் நடந்துகொண்டே, சாப்பிட்டுக்கொண்டே, தலையைப் பின்னிக்கொண்டே வீட்டோடு பேசுவார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளிச்சம் வேண்டும், கை வேண்டும், நெட் வேண்டும். நெட் இழுத்தால் அப்பாவின் பாதிப் பேச்சு அந்தரத்தில் நின்றுவிடும்.

அங்கேயும் அதே ஏற்பாடுதான். அம்மா சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிமேல் ஃபோனைச் சாய்த்து வைப்பாள். அப்பா எதிரே உட்கார்ந்து, மரப்பட்டறையில் யார் யாரைத் திட்டினார்கள், எந்தப் பணக்காரர் எந்த அலமாரிக்கு மூக்கைச் சுளித்தார் என்று நடித்தே காட்டுவார்.

கொஞ்ச நாளாக எதுவோ சரியில்லை. ஜாடியைக் காணோம். ஃபோன் அம்மாவின் கையில் இருக்கிறது, படம் ஆடுகிறது. அப்பாவின் முகமும் வலது தோளும்தான் தெரிகின்றன. பேச்சும் சுருங்கிவிட்டது. சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறேன், வேலை எப்படி. எல்லாம் ஒற்றைக் கையால் சொல்லி முடித்துவிடுகிற சங்கதிகள். அது அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. அன்றைக்கு விரிப்பை உருளைக்குள் விடும்போதுதான் சுருக்கென்றது. அப்பா தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே எத்தனை நாளாகிறது?

விரிப்பு கோணலாக உள்ளே போயிற்று.

"கவனம் எங்கம்மா இருக்கு?" என்று மேற்பார்வை அம்மாள் கத்தினாள்.

அப்பாவுக்கு என்ன ஆச்சு? பக்கவாதமாக இருக்குமோ? பட்டறையில் ஏதாவது ஆகியிருக்குமோ? வேண்டாத நினைப்பெல்லாம் வரிசை கட்டி வந்தது. அப்பாவுக்குக் கை என்றால் வெறும் கையா? சோறு போடுவதும் அதுதான், வாயும் அதுதான்.

இடைவேளைக்கு மணி அடித்ததும் ஓடினாள். படம் வந்த உடனே, "அம்மா, அப்பாவோட இடது கை எங்க?" என்று வாயால் கேட்டாள். அதையே அப்பாவிடம் கையாலும் கேட்டாள்.

"அதுவா? ஒருக்களிச்சுப் படுத்தாரு, மரத்துப் போச்சுடி. தைலம் தேய்ச்சு விட்டிருக்கேன்" என்றது ஃபோனுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

அதே நேரத்தில் அப்பா வலது கையால் மீசை வரைந்து, மடியைக் காட்டி, தடவிக் காட்டினார். பூனை தூங்குகிறது, இடது கை அதற்கடியில் மாட்டிக்கொண்டது, எடுத்தால் விழித்துக்கொள்ளும் என்றார்.

பாவம். மற்ற வீடுகளில் ஒருவர் அவிழ்த்துவிட்ட பொய்யை இன்னொருவர் கேட்டுத் தாங்கிப் பிடித்திருப்பார். இங்கே அம்மா சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. அப்பா காட்டியதை அம்மா பார்த்தபோது அவளுடைய பொய் வாயைத் தாண்டிவிட்டது.

"நம்ம வீட்ல பூனையே கிடையாதேம்மா!"

அம்மாவின் கையில் ஃபோன் இன்னும் ஆடியது.

"ஃபோனை ஜாடில சாய்ச்சு வை."

"நெட்டு சரியில்ல கண்ணு, அப்புறமா..."

"வைம்மா. எனக்கு பயமா இருக்கு."

அப்பாவைப் பார்த்துக் கையால் சொன்னாள். "ரெண்டு கையையும் காட்டுங்கப்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டில் கோபித்துக்கொள்ளக் கதவை அறைய வேண்டியதில்லை. முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது. பக்கத்தில் இருந்தால் தோளைத் தட்டித் திருப்பியிருப்பாள். இத்தனை தூரத்தை அவள் அதுவரை அப்படி வெறுத்ததில்லை.

"அம்மா, அப்பா தோளைத் தட்டு."

அம்மா தட்டினாள். அவர் திரும்பினார்.

"என்னைக் கூப்பிடுங்கப்பா" என்று கையால் கெஞ்சினாள்.

படம் சுழன்றது. கூரை, மின்விசிறி, அம்மாவின் மோவாய், பிறகு பழைய மேசை. அப்பாவின் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. மணிக்கட்டோடு கட்டு முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

"பட்டறை ரம்பம்டி" என்று உடைந்தாள் அம்மா. "சொன்னா நீ வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஆறிட்டு வருதாம், டாக்டர் சொல்லிட்டாரு. அழாதடி."

அப்பா வலது கையை வலது காதோரம் வைத்து விசிறினார். இடது பக்கம் வெறுமையாக இருந்தது. பாதிப் பெயர். அவருக்கே அது தெரிந்துவிட்டது, கை தயங்கியது. அவர் முகத்தில் அவள் பார்த்தே இராத ஒரு வெட்கம். வெட்டுப்பட்ட கையைப் பார்த்துத் தாங்கியவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். தன் கையை அவருடைய இடது காதோரம் கொண்டுபோய் விசிறினாள். பழக்கமில்லாத கை, தாளம் தப்பியது. அப்பா முறைத்து, வேகமாக என்று முழங்கையால் இடித்தார்.

"இருங்க, இருங்க" என்றாள் அம்மா, காது கேட்காத மனிதரிடம்.

இரண்டு கைகளும் ஒன்றாக ஆடின.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. காதாட்டி முகத்தைத் துடைத்த துண்டை இனி மறுபடி துவைக்க வேண்டும். அவள் கையை உயர்த்தி, "என்னப்பா?" என்று கேட்டாள்.