கஸ்தூரி அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

கஸ்தூரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் எட்டரை மணி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் கைக்கடிகாரக் குழுவின் வாட்ஸப்பில் மார்ட்டின் சார் இரண்டே வரி எழுதியிருந்தார். விடியற்காலை மாரடைப்பு, உடல் கீழ்க்கட்டளை வீட்டில். நான் பார்ப்பதற்குள் ஏழெட்டுப் பேர் கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தீர்கள். நானும் ஒன்று போட்டேன். வண்டி வந்தது. ஏறி வேலைக்குப் போய்விட்டேன். எடுப்பதற்கு முன் நீங்கள் எல்லோரும் போய் மாலை போட்டீர்கள். நான் வரவில்லை. கடையில் ஆள் இல்லை என்று மார்ட்டின் சாரிடம் சொன்னேன். ஆள் இருந்தது.

அக்காவை நம் குழுவுக்கு அழைத்து வந்தவள் என்பதால் இந்த அஞ்சலிக் குறிப்பை எழுதும்படி சார் என்னிடமே கேட்டார். படித்து முடித்தபின் வேறு யாரையாவது கேட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயம்தான்.

நான் வேலை பார்க்கும் இடம் உங்களுக்குத் தெரியும். சுவிட்சர்லாந்துக் கடிகார நிறுவனம் ஒன்றின் சென்னைக் கடை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மதியம் அக்கா அங்கே வந்தார். மீன் குளிர்கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் ரப்பர் செருப்பு, புடவை முந்தானை இடுப்பில் செருகியபடி. காவலாளி கதவைத் திறக்கத் தயங்கினார். "பாக்குறதுக்கு துட்டு இல்லதானே?" என்று அவரிடம் கேட்டுவிட்டு அக்காவே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கடிகாரம். பெயர் தெரியாது. வெள்ளை முகம், கறுப்புப் பட்டை, நொடி முள் மட்டும் அடியில் தனியாக ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓடும் என்றார். அந்த வகையை எங்கள் நிறுவனம் நிறுத்தி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பழைய கடிகாரம் விற்பவர்களிடம் எட்டு மாதம் தேடி ஒன்றைப் பிடித்தேன். இந்தக் கதையில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அதைக் கையில் கட்டியதும் முகப்பை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக்கொண்டார். ஏனென்று கேட்டேன். "வெளிய திருப்புனா ஊரு பாக்கும். உள்ள திருப்புனா நான் பாப்பேன்" என்றார்.

பிறகு இன்னும் மூன்று கடிகாரங்கள் சேர்ந்தன. நான்குமே கையால் சாவி கொடுக்க வேண்டியவை. அஸ்தினாபுரத்தில் மார்ட்டின் சார் வீட்டு மாடியில் நாம் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை அசைந்தாலே ஓடுகிற கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா, காலையில் அந்த அவசரத்தில் நான்குக்கும் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று சார் கேட்டது நினைவிருக்கும். "அதுவா ஓடிகினு இருந்தா அப்புறம் நான் எதுக்கு சார்?" என்றார் அக்கா. அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மாடிக்கே வந்துவிட்டார்.

இனி அந்த விருந்து.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் எங்கள் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சென்னைக்கு வந்தார். சேகரிப்பாளர்கள் பன்னிரண்டு பேரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒவ்வொருவரும் தன் கடிகாரத்தின் கதையைச் சொல்ல வேண்டும், நல்ல கதைகளை நிறுவனத்தின் ஆண்டுப் புத்தகத்தில் போடுவோம் என்று தலைமையகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். பட்டியலில் அக்காவின் பெயரைச் சேர்த்தவள் நான். தொழில் என்ற கட்டத்தில் மீன் வியாபாரம் என்று எழுதினால் மேலாளர் அடித்துவிடுவாரோ என்று பயந்து, கடல் உணவு ஏற்றுமதி, பரம்பரைத் தொழில் என்று எழுதினேன். அக்கா ஒரு மீனைக்கூட ஏற்றுமதி செய்ததில்லை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை விடுதிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொடுப்பார், அவ்வளவுதான். அவரை உள்ளே கொண்டுவரத்தானே இந்தப் பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

கிண்டியில் ஒரு நட்சத்திர விடுதி. அக்கா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் கையிலிருந்து எலுமிச்சை மணம் வந்தது. மூன்று பழம் தேய்த்துக் கழுவியதாகப் பெருமையாகச் சொன்னார். நான் அதைக் கேட்டுச் சங்கடப்பட்டேன். அடுத்த நாற்காலிக்காரருக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

இந்த மாதிரி விருந்துகளின் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. கடிகாரங்களைக் கழற்றி வெல்வெட் தட்டில் வைத்து மேசையைச் சுற்றி அனுப்புவார்கள். பிறர் கடிகாரத்தைத் தொடுமுன் மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். விலையைக் கேட்கக் கூடாது. யாரும் சொல்லித்தராமலே அக்கா கையிலிருந்த ஆறு வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தார். ஒவ்வொரு கடிகாரத்தையும் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தந்தார். தலைமை நிர்வாகி அதைக் கவனித்தார். நரைத்த தாடி வைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அங்கே அதுவரை யாரும் ஒரு கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்க்கவில்லை.

நடுவில் மீன் வந்தது. உணவு அட்டையில் கொடுவா என்று போட்டிருந்தது. அக்கா முள்கரண்டியால் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "இது கொடுவா இல்ல பாப்பா, பாசா, மலிவு மீனு. வெள்ளைக்காரன ஏமாத்துறானுங்க" என்றார். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். "இன்னாத்துக்கு சொல்லப்போறேன், ஓசிச் சோறு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்தார்.

அக்காவின் முறை வந்தது. அவருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். இந்தக் கடிகாரம் உங்களிடம் எப்படி வந்தது என்று தலைமை நிர்வாகி கேட்டார். அக்கா அவரைப் பார்த்தே தமிழில் பேசினார். அன்று அவர் சொன்னது இதுதான். ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"எங்கம்மா பேரு அஞ்சலை. கோவளத்துலேர்ந்து பஸ்ல மீன் கூடைய எடுத்துகினு வந்து சேலையூர்ல தெருத்தெருவா மீன் விக்கும். அது மீன் அறுக்கும், நான் தண்ணி ஊத்துவேன். ஒரு வூட்ல ஒரு டாக்டரம்மா. மீன் வாங்க பாத்திரத்த நீட்டும்போது கையில இந்த மாதிரி வாட்ச்சு இருக்கும். எங்கம்மா மீன கைல வச்சிகினே, மணி இன்னாம்மா ஆச்சுன்னு கேக்கும். எங்கம்மாவுக்கு மணி தெரியும். வெயில பாத்தே சொல்லும். கேட்டா அந்தம்மா கைய திருப்புவாங்க இல்ல, அப்ப வாட்ச்சு நல்லாத் தெரியும். அதுக்குத்தான் கேக்கும். மீன் வித்துட்டு வரும்போது, பாத்தியாடி, சின்ன முள்ளு தனியா ஓடுதுன்னு சொல்லும். எங்கம்மா போயி பல வருசம் கழிச்சு நான் வாங்குனேன். மீன் வித்த துட்டுதான்."

மேசை முழுவதும் என்னைப் பார்த்தது. என் மேலாளர் எதிரில் இருந்தார். அவர் கையில் இருந்த அட்டையில், கடல் உணவு ஏற்றுமதி, பரம்பரைத் தொழில்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் பல தலைமுறையாகக் கடல்சார் வணிகத்தில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். காலத்தின் மதிப்பை இவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இவருடைய தந்தை. அவர் நினைவாகவே இந்தக் கடிகாரத்தைத் தேடி வாங்கினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை நிர்வாகி எழுந்து வந்து அக்காவின் கையைக் குலுக்கினார். தந்தைகளைப் பற்றி ஏதோ சொன்னார். அக்கா சிரித்தபடி என்னைப் பார்த்தார். அந்தத் தந்தை, அக்காவுக்கு நான்கு வயதிருக்கும்போது குடும்பத்தை விட்டுவிட்டுப் போனவர். அவர் பேரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எனக்கு அது தெரியும்.

திரும்பும்போது ஒரே காரில் வந்தோம். பல்லாவரம் மேம்பாலம் தாண்டும்போது அக்கா கைக்குட்டையை அவிழ்த்து வளையல்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், கோபமே இல்லாமல்: "ஓட்டல்காரங்களோட பேசிப் பேசி எனக்கும் நாலு இங்கிலீசு தெரியும் பாப்பா. நான் எத்தினி தடவ மீன் மீன்னு சொன்னேன். நீ ஒரு ஃபிஷ்கூட சொல்லலியே. ஃபாதர்னு வேற சொன்ன. யாரு அது?"

பட்டியலில் எழுதியதை எல்லாம் சொன்னேன். உங்களுக்காகத்தான் என்றேன். அதை அன்று நானே நம்பினேன். உண்மை வேறு. அந்த மேசைக்கு அழைத்து வந்தவள் நான். அவர் தெருவில் மீன் கழுவத் தண்ணீர் ஊற்றிய பெண் என்று தெரிந்தால், அவர்கள் அக்காவைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்ப்பார்கள் என்றுதான் பயந்தேன். "சரி. புக்குல போடுறப்போ எங்கம்மா பேர போட்டுரு" என்றார் அக்கா. போடுகிறேன் என்றேன்.

மேசையில் நான் சொன்னதையே ஒருவர் குறித்துக்கொண்டு போயிருந்தார். சரிபார்க்க எனக்கு மின்னஞ்சல் வந்தது. திருத்தினால் பட்டியலில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். சரியாக இருக்கிறது என்று பதில் போட்டேன். புத்தகம் வந்தது. அக்காவுக்கு முழுப் பக்கப் படம், அடியில் இல்லாத அப்பாவின் கதை. கீழ்க்கட்டளைக்கு நானே எடுத்துப் போனேன். அக்கா புரட்டிப் பார்த்தார். அஞ்சலை என்ற பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் தேடினார். "இல்லியே." அடுத்த பதிப்பில் மாற்றச் சொல்கிறேன் என்றேன். அந்தப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு என்று ஒன்று கிடையாது.

உங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை. நம் கூட்டத்துக்கு அந்தப் புத்தகத்தை அவர் ஒருமுறைகூடக் கொண்டுவரவில்லை. மார்ட்டின் சார் கேட்டபோது, வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்றார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

காரியத்துக்கு முந்தின நாள் கீழ்க்கட்டளைக்குப் போனேன். அக்காவின் மகள் நிவேதா அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். அம்மா இதை பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தார், இந்த இங்கிலீஷை நீங்கள்தான் அழகாக எழுதினீர்கள் என்று சொல்லியிருக்கிறார், தெருமுனையில் வைக்கும் அஞ்சலி பேனருக்கு இதையே தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். "தாத்தா இவ்ளோ பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாதுக்கா. அம்மா சொன்னதே இல்ல."

கொண்டுவந்திருந்த பூ இன்னும் என் கையில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். டாக்டரம்மா கையைத் திருப்பும் இடம் வந்தபோது நிவேதா புத்தகத்தை மூடிவிட்டாள்.

"ஆயா பேர போடச் சொல்லி அம்மா உங்ககிட்ட எத்தன தடவ கேட்டுச்சு?"

"மூணு தடவ."

"எங்கம்மா யார்கிட்டயும் ஒரு விசயத்த ரெண்டு தடவைக்கு மேல கேக்காது" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். வேறொரு பெண் வந்து எனக்குக் காபி தந்தாள். நிவேதா திரும்ப வரவில்லை.

மறுநாள் தெருமுனையில் பேனர் இருந்தது. கோவளம் அஞ்சலையின் மகள் கஸ்தூரி, மீன் வியாபாரம் என்று போட்டிருந்தது. எழுத என்னைக் கூப்பிடவில்லை. நானும் அதன் அடியில் நின்று படித்துவிட்டு வந்தேன்.

பட்டியலில் எழுதிய பொய்யையும் மேசையில் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டு, அக்காவின் வார்த்தைகளைச் சரியாக மொழிபெயர்த்துத் தலைமையகத்துக்குப் போன வாரம் அனுப்பிவிட்டேன். மேலாளருக்கும் ஒரு பிரதி. இதுவரை பதில் இல்லை. வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அக்கா உயிரோடு இருந்தபோது அனுப்பியிருந்தால் அதற்குத் துணிச்சல் என்று பெயர். இப்போது என்ன பெயர் என்று தெரியவில்லை.

மூன்றாவது முறை அவர் கேட்டதைச் சொல்லி முடிக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அதுதான். போன மாசியில் ஒரு காலை தொலைபேசியில் கூப்பிட்டார். "பாப்பா, அந்த புக்கு விசயம்..." என்று தொடங்கினார். நான் பேசாமல் இருந்தேன். குளிர்கிடங்கில் ஐஸ் கொட்டும் சத்தம் கேட்டது. நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருக்க வேண்டும். இன்னொரு பொய் சொல்ல எனக்கு இடம் தராமல் பேச்சை அவரே மாற்றினார். "சரி வுடு. நல்ல வஞ்சிரம் வந்துகீது. ரெண்டு துண்டு குடுத்தனுப்பட்டா?" என்றார்.

அனுப்புங்கள் அக்கா என்றேன்.