சுலைகாவின் எடைக்கற்கள்

வள்ளியூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது சுலைகாவின் தம்பி அழைத்தான். "செல்விக்கா, லாத்தா மவுத்தாயிட்டா" என்றான். அக்காவின் சாவை அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான். இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவளை 'அவர்' என்று எழுதுவீர்கள். ஒரே வரலாற்றுத் துறையில் பாடம் எடுத்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள். எனக்கு அவள் அவள்தான்.

தச்சநல்லூர் மளிகைக் கடைக்காரரின் மகள். அவள் பிடித்துக்கொண்ட விஷயமோ ஆயிரம் வருஷத்துக்கு முன் வடகடல் நாடுகளில் வாழ்ந்த கடலோடிகளான வைக்கிங்குகளின் கல்லறைகள். அந்த ஜனங்கள் செத்தவரோடு வாளையும் தராசையும் எடைக்கற்களையும் சேர்த்துப் புதைத்தார்கள். ஈயக் கற்கள், கொள்ளையில் கிடைத்த பூவேலைத் தகடுகளை நறுக்கி மேலே பதித்திருப்பார்கள். "தன் கல்லு எதுன்னு பார்த்ததும் தெரியணும்லா? வேற ஆளு மாத்தீரக் கூடாதே" என்பாள்.

தாமிரபரணிக் கரையின் முதுமக்கள் தாழிகள் பற்றி எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. தராசோடு புதைக்கப்பட்ட ஒரு வைக்கிங் பெண்ணின் கல்லறைப் படத்தைச் சுலைகா திரையில் காட்டினாள். நம் தாழிகளிலும் வாள் கிடைத்தால், எலும்பைப் பார்க்காமலே ஆண் என்று எழுதிவிடுகிறோம் என்றாள்.

தலைமை வகித்த ஓய்வுபெற்ற பேராசிரியர் சிரித்தார். "புருஷனோட தராசா இருக்கும்மா. ஆசையா வச்சிருப்பாங்க."

அரங்கமும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ஆம்பளைக்குப் பக்கத்துல தராசு கெடந்தா அவன் யாவாரி. பொம்பளைக்குப் பக்கத்துல கெடந்தா அவ புருஷன் யாவாரி. இது என்ன நியாயம் சார்?"

நேரமாகிவிட்டது என்று உட்காரச் சொன்னார்கள். கருத்தரங்க நூலில் அவள் கட்டுரை இல்லை. பக்கம் போதவில்லையாம், வரவேற்புரைக்குக்கூடப் பக்கம் இருந்தது. பிறகு அதே பேராசிரியர் ஒரு பத்திரிகையில் அவள் வாதத்தை, அவள் காட்டிய உதாரணங்களோடு, தன் கண்டுபிடிப்பாக எழுதினார். அவள் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. பத்திரிகைக்கு மறுப்பு அனுப்பினாள். பதிலே வரவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "ஏளா, எங்க ஆளுகளைப் பொதைக்கையில வெறும் கபன் துணிதான் சுத்துவாவ. கூட ஒண்ணும் வைக்க மாட்டாவ. நான் யாருன்னு இருக்கிறவங்கதான் சொல்லணும்."

போன வாரம் இரங்கல் கூட்டம். அந்தப் பேராசிரியர்தான் தலைமை! "சுலைகாவுக்கு அந்தப் பார்வையைக் கொடுத்ததே நான்தான்" என்று தழுதழுத்தார். என்னால் உட்கார முடியவில்லை.

"பொய் சார். அவ சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கல்லூரி முதல்வர் பதறினார். "செல்வி மேடம், இது அஞ்சலிக் கூட்டம்."

"அதனாலதான் சொல்லுதேன்."

பேராசிரியர் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்பினார். இதை அங்கே பேசியிருக்க வேண்டாம் என்று வெளியே வந்ததும் சிலர் புத்தி சொன்னார்கள். வேறு எங்கே பேசுவது என்று கேட்டேன்.

அவள் திரையில் காட்டிய படங்களெல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன. பாடத்துக்கு வேண்டுமென்று அந்தப் பேராசிரியரே ஆள்விட்டுக் கேட்டார். தருகிறேன் என்றேன். ஒவ்வொரு படத்தின் குறுக்கேயும் அவள் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு.