எச்சில் குழல்

யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் என் கணவர் வாங்கிவந்தது ஒரு பித்தளைக் குழல். ஊமத்தம்பூ மாதிரி விரிந்த வாய், மறுமுனையில் உதடு பொருத்தும் சின்னக் கிண்ணம். வாக்கிடாக்கி இல்லாத காலத்தில் இந்த ஊர் வாலண்டியர் தீயணைப்புப் படையின் கேப்டன் அதில் வாய் வைத்துத்தான் கட்டளை போடுவாராம், தீயின் இரைச்சலுக்கு மேலே.

ஆபீஸ் மீட்டிங்கில் பக்கத்து நாற்காலியைத் தாண்டாத குரல் என் கணவருக்கு. மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த ஊரில் எங்கள் வீட்டு மாடிப்படி உச்சியில் நின்று, குழலை வாயில் வைத்து, காபி என்றார். அன்றிலிருந்து தினமும். காபி. டவல். கார் சாவி. பித்தளையில் உருண்டு இறங்கும் சொல் என் பிடரியில் விழும்.

"எவன் எவன் எச்சிலோ, வாய்ல வைக்கறீங்க."

"நூறு வருஷம் ஆச்சு. எல்லாம் காஞ்சு போயிருக்கும்."

"காஞ்சா எச்சில் இல்லன்னு ஆயிடுமா?"

பதிலுக்கு அதை சாமி அலமாரியில், என் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் கராஜில் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் திரும்பக் கொண்டுவந்தார். வாரக்கணக்கில் வீட்டில் பேச்சில்லை. குழல் மட்டும் நடமாடியது.

ஒரு ஞாயிறு, மிளகாய் தாளித்த புகையில் ஸ்மோக் அலாரம் அலறியது. பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணிவிட, ஃபயர் ட்ரக் வந்து நின்றது. பூட்ஸோடு உள்ளே வந்த பெரியவர் கருகிய கடாயைப் பார்த்துச் சிரித்தார், ஜன்னலைத் திறந்தார், பிறகு அலமாரியைப் பார்த்தார். குழலை இரண்டு கையாலும் எடுத்து விளிம்பின் நசுங்கலைக் காட்டினார். அந்தக் காலத்தில் ஒரே தீக்கு இரண்டு படைகள் ஓடிவருமாம். யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று, வீடு எரிய எரிய, இதே குழலால் மண்டையில் அடித்துக்கொள்வார்களாம்.

ஸ்டேஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தருவீர்களா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் முடிக்குமுன்னே இவர் முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில்:

"வெள்ளக்காரன் முன்னாடி மானத்த வாங்காத. இது என் வீடு."

"அப்ப நான் யாரு?"

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குழலை அலமாரியில் வைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே, டேபிள்மேல் வைத்துவிட்டுப் போனார்.

இவர் எடுத்தார். படியேறினார். உச்சியில் நின்று மூச்சை இழுப்பது கீழே கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன், அடுப்பை ஏற்றினேன், கைநிறைய மிளகாயை அள்ளிக் கடாயில் போட்டேன். புகை எழுந்தது; அலாரம் எழுந்தது. மேலே இவர் எதையோ கத்திக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே, நான் கிளறினேன்.