சாமியின் இடப்பக்கம்

சீமெந்தில் சாமி செய்கிற தொழிலில் மூக்குக் கோணினால் மன்னிப்பார்கள். பக்கம் மாறினால் மன்னிக்க மாட்டார்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. விமானத்திலும் கோபுரத்திலும் சிலை வைக்கத் தொடங்கி ஐம்பது வருசமாகிறது. எனக்குத் தெரிந்த சாத்திரம் ஒரு கைக்குள் அடங்கும். ஒரு மனைவி என்றால் சாமியின் இடப்பக்கம். முருகனைப் போல இரண்டு என்றால் வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. சாமிக்குக் கிட்ட உள்ள கையில் பூ; மற்றக் கை சும்மா தொங்கும். இந்த நாலு வசனத்துக்குள் எவ்வளவு வில்லங்கம் கிடக்கிறது என்பது, ஊருக்கு நடுவில் வேலை செய்து பேச்சு வாங்கிய எவருக்கும் சொல்லாமலே விளங்கும்.

யாருடைய வலம்?

மண்டூரில் ஒரு வயல்காரர் தன் வீட்டு வாசல் வளைவில் சிவனும் பார்வதியும் இருக்கும்படி கேட்டார். அம்மனைச் சாமியின் இடப்பக்கம் இருத்தினேன். அவர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, அம்மன் வலப்பக்கம் இருக்கிறா, பிழை என்றார். பார்க்கிறவனுக்கு வலம், சாமிக்கு இடம் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் ஏறவில்லை. கடைசியில் அவரையே வளைவுக்குக் கீழே ரோட்டைப் பார்க்க நிறுத்தி, "இப்ப நீங்கதான் சாமி" என்றேன். அவருடைய மனைவியைக் கூப்பிட்டு இடப்பக்கம் நிற்கச் சொன்னேன்.

அந்த அம்மா கையில் மீன் கழுவின ஈரத்தோடு வந்து நின்றார். இவர் குனிந்து தன் இடக்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மெல்லத் தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து சேருவான். எனக்கும் அதே கதைதான். அந்த அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் எந்தப் பக்கம் நிண்டா என்னகா, வளவு என்ட பேரிலதானே கிடக்கு."

படத்தில் வந்த வள்ளி

பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி, குருக்கள்மடத்துக்கு அங்கால வாவிக்கரையில் ஒரு முருகன் கோயிலில் விமானச் சிலை வேலை கிடைத்தது. அந்தக் கோயில் வண்ணக்கர், அதாவது நிர்வாகம் பார்க்கிறவர், வேறொரு கோயிலில் உள்ள முருகனைப் போலவே வேண்டும் என்றார். எனக்குப் பூச்சு வேலை செய்கிற என் மனைவியின் தம்பி, அந்தக் கோயிலுக்குப் போய்ப் போனில் படம் எடுத்து வந்தான். படத்தின் முன்பக்கம் முழுக்க அவனுடைய பல்தான். பின்னால் முருகன். சாமியின் கைகள் மாலைக்குள் மறைந்திருந்தன. வேடப் பெண்ணின் கொண்டையோடு வள்ளி, சாமியின் இடப்பக்கம் நின்றாள்.

பக்கம் மாறியிருக்கிறதே என்று கேட்டேன். "கண்ணால பாத்த எனக்குத் தெரியாதா அத்தான்?" என்றான். வண்ணக்கரும் படத்தில் உள்ளபடியே செய் என்றார். செய்தேன். கும்பாபிசேகத்துக்கு முதல் நாள் ஐயர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் படத்தைக் காட்டினேன். அவர் சாமியைப் பார்க்கவில்லை. மச்சானின் சட்டையைப் பார்த்தார். தன் முகத்தைத் தானே பார்த்து எடுக்கிற செல்பிப் படம், கண்ணாடி போல இடம் வலத்தை மாற்றிவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஐயர் கேட்டார்: "உம்மட மச்சானுக்குச் சட்டைப் பை எப்ப வலப்பக்கம் போனது?"

கைகட்டி நின்றவன்

நல்ல நேரம் குறித்தாகிவிட்டது. இனி உடைக்க ஏலாது, அடுத்த கும்பாபிசேகத்தில் திருத்துவோம் என்று சபை முடிவு செய்தது. அதுவரைக்கும் நான்தான் வள்ளியைப் பக்கம் மாற்றினவன். வண்ணக்கர் எல்லாருக்கும் முன்னால், யாருடைய பிழை என்று கேட்டார். நான் மச்சானைப் பார்த்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். அன்றைக்கு எனக்கு மட்டும் பிளாஸ்ரிக் கப்பில் தேத்தண்ணி தந்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை. மச்சான் சொன்னது இவ்வளவுதான்: "நான் படம் மட்டும்தான் எடுத்தன். சிலை செஞ்சது அத்தான்."

இரண்டு கல்

அதோடு அவனோடு கதை நின்றது. கலியாணம், செத்த வீடு, எல்லாவற்றிலும் ஒரே பந்தலுக்குள் இருப்போம், வார்த்தை இல்லை. அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவியிடம் சொல்வேன். அவன் முன்னாலேயே நின்றாலும் அவளிடம்தான் சொல்வேன். என் மகளின் கலியாணத்தில் படம் எடுக்கிறவர் எங்கள் மூவரையும் சேர்த்து நிறுத்தினார். என் மனைவி நடுவில். நான் வலத்தில், தம்பி இடத்தில். கமராக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் நேரே பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்: "முருகனுக்கு ரெண்டு பக்கமும் பொஞ்சாதி. எனக்கு ரெண்டு பக்கமும் கல்லு."

பலகையில் ஒரு மதியம்

இந்த வருசம் அந்தக் கோயிலில் மறுபடி திருப்பணி. என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு வயது போய்விட்டது; அடுத்த பன்னிரண்டு வருசத்துக்கு நான் நிச்சயமில்லை. என் பேரைத் திருத்த இது ஒன்றுதான் வழி. இடப்பக்கத்து வள்ளியின் கொண்டையை வெட்டிக் கிரீடம் வைக்க வேண்டும், வலப்பக்கத்துத் தெய்வானைக்குக் கொண்டை போட வேண்டும். பூவையும் நிறத்தையும் மாற்றினால் முடிந்தது. மூன்று நாள் வேலை.

உளியை எடுத்துக்கொண்டு சாரத்துப் பலகையில் ஏறினேன். உச்சி வெயில். காற்று விழுந்திருந்தது. வாவித் தண்ணீரின் வெளிச்சம் கீழிருந்து ஏறி வள்ளியின் கழுத்தில், கன்னத்தில், தொங்குகிற கையில் நெளிந்தது. சாமிக்கும் அவளுக்கும் நடுவில் முதுகைச் சாய்த்து இருந்தேன். கண் சொருகிவிட்டது. இரண்டு பெண்களும் பலகையால் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, மீன்கள் விலக விலகத் தூரத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது இருவருக்கும் கூந்தல் அவிழ்ந்து ஈரமாகக் கிடந்தது. யார் வள்ளி, யார் தெய்வானை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் தங்கள் இடத்தில், ஒரு தயக்கமும் இல்லாமல் ஏறி நின்றுகொண்டார்கள்.

விழித்தபோது கீழே ஏழெட்டுப் பெண்கள் அண்ணாந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் சந்தையில் இறால் விற்கிறவர், கையில் மாலை. "அண்ணன், உளியோட அங்க என்ன வேல?" என்றார். பிழையைத் திருத்தப் போகிறேன் என்றேன்.

"என்ன பிழை? வள்ளி நம்மட காட்டுப் புள்ள. முருகன் அவளைத் தேடி வந்த மாப்பிள்ள. வீட்டுக்காரி இடப்பக்கம் நிக்காம எங்க நிக்கிற? கோவிச்சுப் போன புருசன் வரோணும் எண்டு நாங்க இவளுக்குத்தான் தடியால ஏத்தி மாலை போடுற. என்ட ஆள் வந்துட்டார், கேட்டுப் பாருங்க."

இந்தக் கதையை யார் சொன்னது என்று கேட்டேன். அவர் சிரித்தார்: "உங்கட மச்சான்தான். பன்னிரண்டு வருசமா வாற போற எல்லாருக்கும் சொல்றார், எங்கட அத்தான் தெரிஞ்சுதான் வச்சவர் எண்டு."

ஏணி

ஐயரிடம் கேட்டார்கள். உள்ளே மூலத்தானத்தில் முறைப்படி இருக்கிறது, மேலே உள்ளதை ஊர் விருப்பத்துக்கு விடலாம் என்றார். வண்ணக்கர் பெண்களைப் பார்த்தார், சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். உளியைப் பைக்குள் வைத்தேன். வெறும் பூச்சு வேலைதான் மிச்சம்.

மறுநாள் காலை பூச்சு வாளியோடு மச்சான் ஏணியடியில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது, முகம் கொடுத்துப் பார்க்காததால் எனக்குத் தெரியாமல் போயிற்று. எனக்குச் சொல்ல வந்த பேச்சு நிறைய. பன்னிரண்டு வருசப் பேச்சு. என் மனைவியும் அங்கே இல்லை, அவளிடம் சொல்லி அனுப்ப. தூரிகையை நனைத்தபடி, "இடப்பக்கம் ஏறு" என்றேன்.

அவன் ஒரு காலை ஏணியில் வைத்தான். முகத்தில் அந்தப் படத்தில் இருந்த அதே பல். "உங்கட இடமா அத்தான், சாமிட இடமா?"

ஐம்பது வருசமாக நான் சரியாகச் செய்த சிலைகளில் காகம் இருக்கிறது. பிழையாகச் செய்த ஒன்றுக்குத்தான் நாள் தவறாமல் மாலை விழுகிறது.