ஜாபர் சாதிக் நடத்திய நூடுல்ஸ் வகுப்பு

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி ஒன்றுக்கு எதிரே பக்காலா வைத்திருக்கிறார் கீழக்கரை ஜாபர் சாதிக். இருபத்திரண்டு வருஷமாக அதே சின்ன மளிகைக்கடை, அதே கல்லா. தம் ஆங்கிலத்தின்மேல் அவருக்கு அசாத்திய மரியாதை. கேட்பவர்களுக்கு அந்த மரியாதை வருவதற்குள் பேசி முடித்துவிடுவார்.

போன வருஷம் கம்பெனியில் புதுச் சூளை பொருத்தச் சீனாவிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவரான சென் ஒரு மாலை கடைக்குள் வந்து, போனிடம் சீனத்தில் ஏதோ சொல்லிவிட்டு நீட்டினார். போன் ஆங்கிலத்தில், "எனக்கு ஒரு வசதியான முகம் வேண்டும்" என்றது.

ஜாபர் சாதிக் தம் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சென் பொறுமையிழந்து அலமாரியிலிருந்த நூடுல்ஸ் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினார். சீனத்தில் நூடுல்ஸுக்கும் முகத்துக்கும் ஒரே எழுத்தாம். சட்டென்று சமைக்கலாம் என்பதால் அது 'வசதி நூடுல்ஸ்'. போன்தான் குழம்பியிருந்தது.

"போனை நம்பாதீங்க. நானே சொல்லித் தர்றேன்" என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்தார் ஜாபர் சாதிக்.

மறுநாளே வகுப்பு தொடங்கியது. வெந்நீர் ஊற்றினால் போதும் என்றால் 'இன்ஸ்டன்ட்'. ஐஸ் பெட்டியில் கல்லாகக் கிடக்கும் பரோட்டா 'ஃப்ரோசன்'. 'ரெடி டு ஈட்' என்றால் பிரித்து வாயில் போடலாம். 'ரெடி டு குக்' என்றால் போடக் கூடாது. சென் எல்லாவற்றையும் சீனத்தில் குறித்துக்கொண்டார். ஒரே வாரத்தில் மற்ற ஐவரும் நோட்டுடன் வந்து நின்றார்கள்.

மூன்றாம் வாரம் கம்பெனி ஆபீஸிலிருந்து பத்மா வந்தாள்.

"பாய், எங்க சீனாக்காரங்க டின்னு, கப்பு, பாக்கெட்டுன்னு பேசுறாங்க. இன்னிக்கு மீட்டிங்ல மெஷினு, ஸ்விட்சுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

ஜாபர் சாதிக்குக்கு முகம் சுண்டிவிட்டது. "அவுகளா ஆசைப்பட்டுக் கேட்டாக. தப்புன்னா நிறுத்திப்புடுறேன்."

"ஐயோ, நிறுத்தாதீங்க! ரெண்டு மாசமா போனை நீட்டிக்கிட்டே இருந்தவங்க. இப்பதான் வாயத் திறந்து பேசுறாங்க. கடைசியில வர்ற அந்த 'உ'வ மட்டும் விட்டுடுங்க."

அவருக்கு உயிர் வந்தது. அன்று மாலை சார்டின் டப்பாவை உயர்த்திப் பிடித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, "டின்" என்றார். கதவை அறைந்து சாத்தினாற்போல் 'ன்'னிலேயே நின்றது சொல்.

சென் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மிகப் பணிவாக மறுத்துத் தலையசைத்தார்.

"நோ, டீச்சர். டின்னு."

மற்ற ஐவரும் தத்தம் நோட்டைக் காட்டி ஆமோதித்தார்கள். அன்றைக்கு வகுப்பு பத்து நிமிஷம் முன்னதாகவே முடிந்தது.