சாவு வண்டியின் இரண்டாவது பல்

லாரிக்காரர், டாக்ஸிக்காரர், பஸ்காரர் எல்லாரும் எவ்வளவு வேகமாகப் போனோம் என்று பெருமை பேசுவார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை. பெங்களூர் கண்டோன்மென்டில் பதினைந்து வருஷத்துக்கு மேல் சாவு வண்டி ஓட்டியவன் நான். கோயிலிலிருந்து கல்லறை வரை ஒன்றரை மைல். ஜனங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் நடந்து வருவார்கள், நான் பெட்டியோடு முன்னால் ஊர்ந்து போக வேண்டும். ஐம்பது மைல் வேகத்தில் ஓட்டுவது ஒரு வித்தையே இல்லை. மூன்று மைல் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

வண்டி, சவப்பெட்டிக் கடை முதலாளியுடையது. யுத்தத்துக்கு முன்னால் யாரோ ஒரு துரை வைத்திருந்த பெரிய சீமைக் கார். சுதந்திரம் வந்து துரை கப்பலேறியதும் முதலாளி அதை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, மரத்தில் கூடு கட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். பின்பக்கக் கதவில் மட்டும் கண்ணாடி கிடையாது, கறுப்புத் துணிதான். எனக்கு முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்தால் பெட்டியும் மாலைகளும் தெரியும். அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாது.

எஞ்சின் கிழடு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் விக்கி நின்றுவிடும், காலை வைத்தால் துள்ளும். அதனால் கோயிலிலிருந்து கல்லறை வரை வலது காலைப் பெடலின்மேல் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், கால் கொஞ்சம் அழுந்தும், வண்டி ஒரு முழம் முன்னால் பாயும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் ஆடுசதை நடுங்கிக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரி உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள்.

வாரம் முழுக்க ஊர்ந்த காலுக்கு ஞாயிற்றுக்கிழமை வெறி வந்துவிடும். நீலசந்திராவிலிருந்து கோயிலுக்கு நாங்கள் நடந்துதான் போவோம். நான் விசுக் விசுக்கென்று போவேன். அவள் பத்தடி பின்னால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அரை ஓட்டமாக வருவாள்.

"ஏங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க. கோயில் எங்கியும் ஓடிடாது."

"நீ கொஞ்சம் வேகமா வாயேன்."

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சுதான். அவளும் நிறுத்தவில்லை, நானும் நடையைக் குறைக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஒரு வாத்தியாரை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் நின்ற இடத்தில் பள்ளம் தெரியவில்லை. வண்டி பாய்ந்தது, நான் பயந்து பிரேக்கை அழுத்தினேன். பெட்டி சரிந்து வந்து என் முதுகுப் பலகையில் இடித்தது. மேலே வைத்திருந்த சிலுவை கீழே விழுந்தது. பின்னாலிருந்து அவருடைய மகள் போட்ட சத்தம் இருக்கிறதே, அதை நான் விவரிக்கப் போவதில்லை. அடக்கம் முடிந்ததும் கல்லறைக் கேட்டிலேயே முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி பெட்டி ஆடிச்சுன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிக்கினே இரு."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு வேறு வேலை தெரியாது. நடுங்குகிற காலோடு போனால் யார் வேலை கொடுப்பார்கள்? அடுத்த நாலு சாவுக்கும் செத்தவர்களைவிட நான்தான் அதிகம் பயந்துகொண்டு போனேன்.

சிவாஜி நகர் பக்கம் பழைய இரும்புச் சாமான் விற்கிற குஜிரியில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். நல்ல உயரம், ஒட்டகம் மாதிரி கால். என் கதையைக் கேட்டுவிட்டு உடனே சொன்னார்.

"அரே, இதுக்கா இவ்ளோ பேஜாரு? கால எட்த்துடு. கையில வெச்சிக்கலாம்."

மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டுப்போன லாரி ஒன்றிலிருந்து கை ஆக்சிலேட்டரைக் கழற்றியிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பிடி. பிடியிலிருந்து ஒரு கம்பி எஞ்சினுக்குப் போகும். பிடி நகர்கிற தகட்டில் பற்கள் வெட்டியிருக்கும். பிடியை எந்தப் பல்லில் மாட்டுகிறோமோ அந்த அளவு பெட்ரோல்தான் எஞ்சினுக்குப் போகும், பள்ளம் வந்தாலும் மேடு வந்தாலும் கூடாது, குறையாது. காலைத் தரையில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்காரலாம். எங்கள் வண்டிக்குத் தகடு பொருந்தவில்லை. பாய் புதுத் தகடு வெட்டி மூன்று பல் போட்டார். முதல் பல், கோயில் வாசலில் எஞ்சின் நிற்காமல் காத்திருக்க. மூன்றாவது, காலி வண்டி திரும்பிப் போக. நடுவில் இருக்கிற இரண்டாவது பல்தான் முக்கியம். அதுதான் நடை.

அந்த நடையை எப்படி அளந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். விடிந்து கொஞ்ச நேரம், ரோட்டில் யாரும் இல்லை. நான் வண்டியில் உட்கார்ந்தேன். பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். "கொஞ்சம் கம்மி... ஆங், கொஞ்சம் ஏத்து... பஸ் பஸ், போதும். இதான் மன்ஷன் நடை." அந்த இடத்தில் தகட்டில் கோடு கிழித்து, அங்கேயே அரத்தால் ராவினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் நடையும் அதுதானே.

அதற்குப் பிறகு பெட்டி ஆடவில்லை. மேலே ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாலும் சிந்தாது. பங்குச் சாமியாரே ஒருநாள் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கால் நடுக்கம் நின்றது, உப்பு ஒத்தடமும் நின்றது. வேலை தங்கியது. முதலாளி, "முன்ன மாதிரி இல்லப்பா, இப்பல்லாம் சீக்கிரம் ஆயிடுது" என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சீக்கிரம் எங்கிருந்து வந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. கல்லறைக் கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால் ஜனங்கள் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். பத்துப் பேர் வந்திருப்பார்கள், அவர்களும் வேர்த்து விறுவிறுத்து. மற்றவர்கள் ரோடு நெடுகச் சிதறி வருவார்கள். கிழவிகள் கடைசியில் ஜட்கா பிடித்து வந்து இறங்குவார்கள். சொந்தக்காரன் சாவுக்குக்கூட ஒழுங்காக நடந்து வரத் தெரியாத ஜனங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு பீடி பிடிப்பேன். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மாதிரி நாளில் யார் வண்டிக்காரனோடு சண்டைக்கு வருவார்கள்? இப்படியே பத்து வருஷம் போயிற்று.

அறுபதுகளில் ஒரு மழைக்காலம். என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ஏழாம் நாள் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய அக்கா, காலில் நீர் கோத்தவர், எங்களோடுதான் இருந்தார். அவர் அழுததில் பாதிகூட என்னால் அழ முடியவில்லை. எத்தனையோ சாவு பார்த்தவன், எனக்கு அசதியாகத்தான் இருந்தது.

"இன்னிக்கு நீ சீட்ல ஒக்காரக் கூடாதுப்பா" என்றார் முதலாளி. கடைச் சாமான் வண்டி ஓட்டுகிற ஒக்கலிபுரத்துக்காரரை வரவழைத்தார். கோயில் வாசலில் நானே அவருக்குப் பிடியைக் காட்டிக் கொடுத்தேன்.

"ரெண்டாவது பல்லுல போடு. கல்லறைக் கேட்டு வர்ற வரைக்கும் தொடாதே. கால வைக்காதே."

"சரிண்ணே. நீங்க கவலைப்படாதீங்க."

வழக்கப்படி புருஷன்காரன் பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்குப் பின்னால் நான் நடந்தது அதுதான் முதல் தடவை.

கிளம்பி நூறு அடி போவதற்குள் வண்டி என்னைவிட்டு விலகியது. எட்டிப் போட்டேன். பிடித்தேன். மறுபடி விலகியது. ஆறு ராத்திரி தூங்காத கால், ஈர ரோடு, கையில் மெழுகுவர்த்தி. நடக்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கேவலமான தொங்கோட்டம். எனக்குப் பின்னால் செபமாலை இரண்டாகப் பிய்ந்து போயிருந்தது. முன்வரிசைக்காரர்கள் முதல் பாதியைச் சொல்லி முடித்துக் காத்திருந்தார்கள். மறுபாதி வெகுதூரத்திலிருந்து, பாதி மூச்சும் பாதி வார்த்தையுமாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். நான் பத்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே வந்துகொண்டிருந்தது. அக்காவைக் காணவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அன்று அழுகை வருவதற்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளைப் பின்னால் ஓடவிட்டேன். இப்போது அவள் முன்னால் போகிறாள், பெட்டி கொஞ்சமும் ஆடவில்லை, நான் மூச்சுவாங்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். பின்கதவை ஓங்கித் தட்டி, மெதுவாகப் போ என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கையை நீட்டினேன். எட்டவில்லை.

கேட்டில் அந்த டிரைவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கொஞ்சம்கூடக் குலுங்கல, பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். அவர் நான் சொன்னபடிதான் செய்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் வேலையாகப் பாயிடம் வண்டியைக் கொண்டுபோய், முதல் பல்லுக்கும் இரண்டாவது பல்லுக்கும் நடுவில் இன்னொரு பல் வேண்டும் என்றேன்.

"அதுல எஞ்சின் நின்னுடும் டிரைவரே."

"நிக்காம பண்ணு. உன்னால முடியும்."

"சரி வா, நான் நடக்கறேன், நீ ஓட்டு."

"நீ நடக்க வேணாம் பாய்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அரை நாள் எஞ்சினைப் பிரித்து ஏதேதோ செய்து, மெதுவாக ஓடினாலும் நிற்காதபடி ஆக்கிவிட்டார். பிறகு அவரையும் ஏற்றிக்கொண்டு நீலசந்திராவுக்குப் போய், எங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்தினேன். சாவு வண்டி வந்ததும் தெருவில் யார் வீட்டில் என்று எட்டிப் பார்த்தார்கள். யார் வீட்டிலும் இல்லை என்று கத்திவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு, செபமாலையைக் கையில் கொடுத்து, கோயிலுக்குப் போகிற மாதிரி நடக்கச் சொன்னேன். அவர் வீங்கிய காலை இழுத்து இழுத்து முன்னால் போனார். நான் பிடியை நூல் நூலாகத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். தெருவின் மறுமுனையில் அவர் நின்று திரும்பினார்.

"இது போதும் தம்பி. மூச்சு வாங்கல."

பாய் அங்கேயே கோடு கிழித்து அரத்தால் ராவினார்.

கல்லறைக்குப் போய்ச்சேர இப்போது கால் மணி நேரம் அதிகம் ஆகிறதே என்று முதலாளி முணுமுணுத்தார். "ஆகட்டும் மொதலாளி, செத்தவங்க ஆபீசுக்கா போவணும்?" என்றேன். செபமாலை சேர்ந்து ஒரே குரலாகக் கேட்க ஆரம்பித்தது. கிழவிகள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அந்த வண்டியை உடைத்து விற்கிற வரைக்கும் அது யாரையும் ஓடவைக்கவில்லை. என் வீட்டுக்காரிக்கு மட்டும் அந்தப் பல் மூன்று வாரம் தாமதமாகத்தான் கிடைத்தது.