என் முகத்தைப் பார்த்து வேகம் ஏற்றியவள்

காலையில் ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தான். "வசந்திக்கா, அக்கா பூட்ச்சிக்கா" என்றான். எப்போது என்று கேட்டால் நிஜமாகிவிடுமே என்று போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவளை அறிந்த நீங்கள் எல்லோரும் துணிச்சல்காரி என்றுதான் சொல்வீர்கள். அந்தத் துணிச்சலுக்கான பயத்தையெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பட்டவள் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த மாடி அறையில் கல்யாண வீடியோ மிக்சிங் கடை. வேலை செய்தது நாங்கள் இரண்டு பேர்தான். திருப்போரூர் கோயிலில் முகூர்த்தம் என்றால் கேசட்டுகள் குவியும். மாலை மாற்றும்போது பூ தூவுகிற மாதிரி ஒரு கிராபிக்ஸ் போட்டால் போதும், கம்ப்யூட்டர் பகல் முழுக்க முக்கும். புதிது வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. "கீறதையே வேகமா ஓட வுடலாம், வாடி" என்றாள் ஸ்டெல்லா.

ஓவர்க்ளாக்கிங் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பது. கம்ப்யூட்டர் எழும்பும்போது டெலிட் பட்டனைத் தட்டினால் ஒரு நீலத் திரை வரும். மதர்போர்டின் வேகம் அதில் ஓர் எண்ணாக இருக்கும். அதைக் கூட்டினால் பிராசஸரும் மெமரியும் சேர்ந்தே வேகமெடுக்கும். ஒரே தாவலாகக் கூட்டக் கூடாது. கொஞ்சம் கூட்டி, வேலை கொடுத்து, சூடு பார்த்து, பிறகுதான் அடுத்தது. எழும்பாமல் போனால் கரண்டைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து மாட்ட வேண்டும். பழைய வேகம் திரும்பிவிடும்.

"எரிஞ்சி போச்சுன்னா?" என்றேன்.

"அதுக்குத்தான் நீ கீறியே. எனக்கு பயமே வராதுடி, அது ஒரு நோவு. நீ மூஞ்சியக் காட்டிக்கினு ஒக்காரு. அது வெளுத்துச்சின்னா நிறுத்திடறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பாவி. ஒவ்வொரு முறை எண்ணைக் கூட்டும்போதும் திரையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் மெமரியின் மேல்தான். "பிராசஸர் தாங்கலன்னா நின்னுடும். மெமரி தாங்கலன்னா நிக்காது, தப்பா வச்சிக்கினு சரின்னு பொய் சொல்லும்" என்பாள்.

சூட்டைத் தணிக்க, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கடல் ஜன்னலுக்கு நேராகத் திருப்பி வைத்தோம். "ஓசி ஃபேன்" என்று சிரித்தாள். காற்றுதானே என்று நானும் பயப்படாமல் இருந்தேன். அங்கேதான் மோசம் போனோம்.

செய்யூரில் நடந்த ஒரு கல்யாணம். முடிந்த சில நாளில் பெண்ணின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன்காரன் கடைக்கு வந்து, "எங்க நைனா பேசறது இதுல மட்டுந்தாங்க கீது" என்று உட்கார்ந்தான். எங்கள் கடைப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே கேசட் அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடும். செய்யூர்க் கேசட்டில் அதற்குள் வேறொரு தாலி ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த படத்தை ஓடவிட்டோம். அவன் பார்க்கப் பார்க்கத் திரை உறைந்தது. நிறுத்திப் போட்டால் பீப் பீப் என்ற சத்தம்தான் வந்தது.

என் முகம் வெளுத்திருக்க வேண்டும். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "மூஞ்சிய அந்தாண்ட திருப்புடி, எனக்கே பயமா கீது" என்றாள். அப்படி அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். அப்போதும் பீப். போர்டில் செருகியிருந்த மெமரிப் பட்டையைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினாள். தங்க நிறப் பற்களில் பச்சையாகக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. ரப்பரால் தேய்த்துத் தேய்த்து எடுத்து மாட்டியதும் திரை வந்தது. ஆனால் நாங்கள் வேகத்தில் முடித்து வைத்திருந்த படத்தில் அந்தப் பெரியவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. மெமரி பொய் சொல்லியிருந்தது. நல்லவேளை, மிக்சிங்குக்காக வேகம் கூட்டுவதற்கு முன் கேசட்டிலிருந்து ஏற்றிய பதிவு அப்படியே இருந்தது. ஜன்னலைச் சாத்தினாள். "ஆவற நேரம் ஆவட்டும்" என்று பழைய வேகத்திலேயே முதலிலிருந்து செய்தாள். திரையில் பெரியவர் பந்தியில் நின்று கேமராவைப் பார்த்து, "எல்லாரும் துன்ட்டுதான் போவணும்" என்றபோது மகன் வாய்விட்டு அழுதான். நாங்களும்தான்.

போன வாரம் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தேன். நுரையீரல் கெட்டிருந்தது. தலைமாட்டில் ஒரு மெஷின் அவள் இதயத்துடிப்பை எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வாசலிலேயே முகத்தைத் துடைத்துச் சிரிப்பை ஒட்டிக்கொண்டுதான் உள்ளே போயிருந்தேன்.

"இன்னாடி, தாங்குமா?"

"தாங்கும் ஸ்டெல்லா. நல்லா தாங்கும்."

"மெமரி கணக்கா பொய் சொல்றியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தப் பயம்தான். அவள் இருந்தவரை அதற்கு ஒரு வேலை இருந்தது. இன்றும் எதற்கெடுத்தாலும் முகம் வெளுக்கிறது. அதைப் பார்த்து நிறுத்தத்தான் ஆளில்லை.